நெல் மூட்டை ஏறிய மாடி

1

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்ற அனுமதி நேற்று வந்துவிட்டது. மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துச் செய்தி மதுரைப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

பழைய கட்டடம் ஜப்பான்காரர்கள் காலத்தில் கிடங்காக இருந்து, பிறகு கரையான் அரித்துச் சாய்ந்துபோனது. சண்டை முடிந்ததும் தோட்டத்துச் சனங்களே பலகை அறுத்து, தகரம் போட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பினார்கள். ஆனால் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் உள்ளே பாடம் நடத்தக்கூடாது என்பது இங்கே சட்டம். அவர் வரப் பல வாரங்கள் ஆயின. அதுவரை நான் பிள்ளைகளை மரத்தடியில் வைத்தே பாடம் சொன்னேன். பெற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"கட்டடம் கல்லாட்டம் நிக்குது டீச்சர். பிள்ளைங்கள உள்ள விடுங்க. எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார்கள்.

"சீட்டு வரட்டும்" என்று சொல்லிக் கதவுச் சாவியை முந்தானையில் முடிந்து கொண்டேன்.

கடைசியில் வந்த இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்க்காரர், மரியாதையான மனிதர். அவரிடம் பள்ளிக்கூடம் கட்டி முடிந்தது என்று மலாயில் சொல்ல நினைத்து, 'ஸெகோலா சுடா ஹாபிஸ்' என்றேன். அவர் திகைத்துக் கட்டடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தயாராகிவிட்டது என்பதற்கு 'சியாப்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதற்குப் பள்ளிக்கூடம் தீர்ந்துபோய்விட்டது, ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தமாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்தார்.

என் மகள் கமலா டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். "மரத்தடியில உக்காந்தா மட்டும் பத்திரமாம்மா? ஒரு பேப்பருக்காக ஏன் இப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல மதுரையில் ஒரு மாடி வீட்டின் கதையைத் தொடங்கினேன். நடுவில் 'உத்திரம்' என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. கோணி என்றேன், அது தெரிந்தது. மலாயிலும் சாக்குக்கு 'குனி' என்றுதானே சொல்கிறார்கள். கதை பாதியில் நிற்கும்போதே தோழி கூப்பிட்டாள் என்று போய்விட்டாள். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம், இரண்டு போகம் நெல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்ததும் எனக்கு மேலே படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. அதற்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். மதுரையில் பெண் பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருந்தது. கிராமத்துப் பெண் தங்குவதற்குத்தான் இடம் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் விடலாமென்றால், யார் வீட்டில் எவ்வளவு நாள்?

என் அப்பாவின் அக்கா சீனியம்மாள். எனக்கு அத்தை. சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது என்று நான் கேட்டதில்லை. தன் பங்கு வயலை விற்று, வைகைக்கு வடகரையில் ஒரு மனை வாங்கி, கிராமத்துப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி கட்டப் போகிறேன் என்றார். ஊரில் சிரித்தார்கள். அத்தை கொத்தனார்களோடு வெயிலில் நின்று சுண்ணாம்பு அரைபடுவதைப் பார்த்தார். கீழே பெரிய சாப்பாட்டுக் கூடம், சமையல்கட்டு, இரண்டு அறை. மேலே வரிசையாக அறைகள். கூடத்தின் நடுவில் தூண் வேண்டாம், பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தேக்குக்கு வழியில்லாமல், ரயில்வேயில் கழித்துப்போட்ட தண்டவாளங்களை ஏலத்தில் எடுத்து அவற்றையே மாடியைத் தாங்கும் உத்திரங்களாகப் போட்டார்கள். அந்தக் காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள்.

என்னைத் தாய்மாமன் முருகேசனுக்குக் கட்டிக் கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. மாமா நல்லவர். சொந்தமாக வண்டிகள் வைத்து மதுரைச் சந்தைக்கு நெல் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் படிக்க வேண்டும் என்று அழுதபோது அப்பா ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க அத்தை கட்டுற கட்டடம் பள்ளிக்கூடம் தொறக்கையில தொறந்துச்சுன்னா நீ போ. தொறக்கலேன்னா ஆவணியில பரிசம் போட்டுருவோம். ரெண்டுல ஒண்ணு."

அவர் அந்த வார்த்தையைத் தைரியமாகக் கொடுத்தது, கட்டடம் முடியாது என்ற நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சித்திரை முடிவதற்குள் வெள்ளையடித்துக் கதவு மாட்டிவிட்டார்கள்.

3

கட்டியதும் குடிபோய்விடலாம் என்றுதான் அத்தை நினைத்திருந்தார். அது வீடாயிருந்தால் அவ்வளவு கேள்வி இருந்திருக்காது. பெண் பிள்ளைகள் தங்கும் விடுதி என்பதால், நகரசபை ஓவர்சியர் வந்து பார்த்து, கட்டடம் உறுதியாக இருக்கிறது, ஆட்கள் தங்கலாம் என்று எழுதித் தந்தால்தான் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அங்கிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வந்த ஓவர்சியர் இளைஞர். பெயர் சங்கரலிங்கம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் பையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓட யாரும் வரவில்லை. அத்தை கொடுத்த மோரைக்கூட வேலை முடிந்த பிறகு குடிக்கிறேன் என்று வைத்துவிட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். கிணற்றைப் பார்த்தார், கழிப்பிடத்தைப் பார்த்தார், ஜன்னல்களைத் திறந்து மூடினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கூடத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்.

"இந்தத் தண்டவாளம் எம்புட்டு நாள் ரயிலுக்குக் கீழ கெடந்துச்சுன்னு தெரியுமாம்மா?"

"அது எப்படித் தெரியும்? ரயிலே தாங்குனது, எம் பிள்ளைகளத் தாங்காதா?" என்றார் அத்தை.

"ரயிலுக்குக் கீழ மண்ணும் கட்டையும் தாங்கிச்சு. இங்க அந்தரத்துல தொங்குது. உள்ள வெடிப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியாது. மேல பிள்ளைகள் படுத்திருக்கும், கீழ பிள்ளைகள் சாப்பிடும். நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"எல்லாப் பிள்ளைகளும் ஏறினா எம்புட்டுப் பாரம் வருமோ அதுக்கு மேலயே பாரம் ஏத்திப் பாக்கணும். மணல் மூட்டையா அடுக்குங்க. ஒரு பகல் நிக்கட்டும். உத்திரம் தாழலேன்னா அன்னைக்கே எழுதித் தாரேன்."

அத்தை அவரிடம் கோபப்படவில்லை. அவர் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்து வெகு நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் பொழைக்கத் தெரியாதவன்" என்று கொத்தனார் சொன்னபோது, "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டார்.

4

வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வைகை தெரியும். கோடையில் ஆறு முழுக்க மணல். இதென்ன பெரிய வேலை, அள்ளிக்கொண்டு வந்தால் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அவ்வளவு மணலை வண்டியில் ஏற்றினால் அதற்குத் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தது. தாலுகா ஆபீசில் எதற்கு மணல் என்று கேட்டார்கள். கட்டடம் கட்ட என்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டடம் முடிந்துவிட்டது, அதன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே கொட்டிவிடுவோம் என்று அத்தை உள்ளதைச் சொன்னார். அப்படி ஒரு மனுவை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். கட்டடத்துக்கு அனுமதி வாங்க மணலுக்கு அனுமதி, மணலுக்கு அனுமதி வாங்க மேலிடத்து உத்தரவு. பள்ளிக்கூடம் திறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கே மலாயாவில் ஒவ்வொரு அடையாளச் சீட்டுக்கும் வரிசையில் நிற்கும்போது நான் மற்றவர்களைப் போல் பொறுமை இழப்பதில்லை. அத்தையோடு தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எனக்குப் பழகிவிட்டது.

நான் ஊருக்குத் திரும்பினேன். அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கால்வாய்க் கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டிருந்த முருகேசன் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"என்னா பேச்சி, மொகம் இப்படி இருக்கு? மணலு கெடைக்கலையா?"

"கெடைக்கல மாமா. ஆத்து மணலுக்கு சீட்டு வேணுமாம்."

அவர் மாட்டின் முதுகைத் தேய்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "பாரந்தான வேணும்? நெல்லுன்னா ஆகாதா? நெல்லு ஏத்தி எறக்க எவன்கிட்டயும் சீட்டு வாங்க வேணாமே."

ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் நெல் இருந்தது. வண்டிகள் அவரிடம் இருந்தன. ஆனால் கட்டடம் திறக்காவிட்டால் யாருக்கு லாபமோ அவரே இதைச் சொல்கிறார்.

"மாமா, கட்டடம் தொறந்துச்சுன்னா நான் போயிருவேன்."

"தெரியும்."

"பெறகு எதுக்கு?"

"படிக்கணும்னு நிக்கிற பிள்ளையக் கட்டிட்டுப் போயி நான் என்ன செய்ய? நீ என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு மதுர ரோட்டப் பாத்துக்கிட்டே இருப்ப. அதப் பாத்துக்கிட்டு என்னால கஞ்சி குடிக்க முடியாது தாயி." மாட்டைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிச் சொன்னார்: "அந்தத் தண்டவாளம் மடங்குனாலும் மடங்கும். அப்பறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

அவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். என்ன சொன்னாரோ, நெல் எங்கேயும் போகாது, நம் சாக்கு, நம் வண்டி, போய்விட்டு நம் வீட்டுக்கே திரும்பும் என்று சொல்லியிருப்பார். சிரித்த சனங்களே மூட்டைகளை எடுத்து வைத்தார்கள். அப்பாதான் கடைசி வரை பேசவில்லை. வண்டிகள் புறப்படும் நள்ளிரவில் நான் விளக்கோடு போய்ப் பார்த்தபோது, முதல் வண்டியில் எங்கள் வீட்டு விதைநெல் மூட்டைகள் இருந்தன. வண்டி முகப்பில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

5

வாடிப்பட்டியிலிருந்து விடியும்போது மதுரைக்கு வந்து சேர்ந்த அந்த வண்டி வரிசையைப் பார்த்துக் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துச் சிலர் வழிவிட்டார்கள். மாடியில் மூட்டைகளை அடுக்கத் தொடங்கும் முன் ஓவர்சியர் கீழே ஒவ்வொரு உத்திரத்தின் நடுவுக்கும் நேராக ஒரு மூங்கிலை நிறுத்தினார். மூங்கிலின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டார். பாரம் ஏற ஏற உத்திரம் தாழ்ந்து மூங்கிலைத் தொட்டுவிட்டால் அந்த அறை தேறாது. எழுதப் படிக்கத் தெரியாத எல்லோருக்கும் அது புரிந்தது.

"மூட்டை ஏறும்போது கீழ யாரும் நிக்கக் கூடாது. நான் மட்டும் நிக்கேன்" என்றார் ஓவர்சியர்.

"இடிஞ்சு விழுந்தா?" என்று கேட்டார் மாமா.

"யாராவது ஒருத்தர் பாத்துத்தான ஆகணும்."

நம்பிக்கை இல்லாத உத்திரத்துக்குக் கீழே அதை நம்பாத மனிதர் தனியாகப் போய் நின்றார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார்.

"அம்மா, நீங்க வெளிய போங்க."

"தம்பி, இது நான் கட்டுனது. விழுந்தா உங்க ஒருத்தர் தலையில மட்டும் எப்படி விழ விடுவேன்?" என்று சொல்லி அவருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை.

மாமாவும் அப்பாவும் மற்றவர்களும் ஏணிப்படியில் மூட்டைகளைச் சுமந்து ஏறினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தையின் முகத்தையே பார்த்தேன். மேலே ஒவ்வொரு மூட்டையும் விழும் சத்தம் 'தொம்' என்று கேட்கும். சுண்ணாம்புத் தூள் உதிரும். ஓவர்சியர் விரலை விட்டுப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அடுத்த அறைக்கு நகர்வார்கள். ஒவ்வொரு அறையாகத் தேறிக்கொண்டே வந்தது. வெளியே நின்றவர்கள் பேசவும் சிரிக்கவும் தொடங்கினார்கள்.

கடைசியாகச் சாப்பாட்டுக் கூடம். பாதி மூட்டை ஏறும் முன்பே ஓவர்சியர் விரலை வெளியே எடுத்துக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. உத்திரம் தொட்டுட்டு."

மாமா தோளில் இருந்த மூட்டையை இறக்காமல் படியிலேயே நின்றார். அத்தை மூங்கிலிடம் போய்த் தானே விரலை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூணு எந்த எடத்துல நிக்கணும்? சொல்லுங்க தம்பி, நாளைக்கே ஆரம்பிச்சுருவோம்" என்றார்.

ஓவர்சியர் அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார். மூங்கில் நின்ற இடத்தைக் காலால் காட்டினார்.

"இங்கதான். மத்த அறை எல்லாம் பொழுது சாயுத வரைக்கும் நிக்கட்டும். அசையலேன்னா, கூடமும் அதுக்கு மேல உள்ள அறையும் நீங்கலா மத்த எடத்துக்கு இன்னைக்கே எழுதித் தாரேன். பிள்ளைகள் சாப்பாட்ட வராந்தாவுல வச்சுக்கிடுங்க. தூணு காஞ்ச பொறகு இதுக்கும் வாரேன்."

6

சாயங்காலம் சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் படிக்க வரும்.

"ஒரு கூடமும் அறையும் நீங்கலான்னு போட்டிருக்கு. இது முழுசாத் தொறந்ததா ஆகுமா?" என்றார்.

"உன் மகளுக்கு ஒரு பாய் விரிக்க எடம் போதும்டா" என்றார் அத்தை.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா காலி வண்டியில் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "மச்சான், நீங்க சொன்ன சொல்லு சொல்லுதான். பிள்ளை இருக்கட்டும், நாம நெல்ல எறக்குவோம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூட்டைகளை இறக்கும்போது அப்பா எங்கள் வீட்டு விதைநெல்லை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, எங்கள் சாப்பாட்டு நெல்லில் ஒரு மூட்டையைக் கொண்டுபோய் அத்தையின் சமையல்கட்டில் சாத்தி வைத்தார்.

மாமா மறு வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண் எடுத்தார். என் படிப்பு முடிந்து எனக்குக் கல்யாணமாகி நான் கப்பல் ஏறியபோது, நாகப்பட்டினம் வரை வந்து வழியனுப்பியவர்களில் அவரும் மாமியும் உண்டு. "அங்கயும் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்காத" என்றார். நான் சில நாள் நின்றிருக்கிறேன் மாமா. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு எல்லோரும் புறப்பட்ட பிறகு நடந்ததைத்தான் நான் கமலாவிடம் சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் போய்விட்டாள். ஓவர்சியர் வேலை முடிந்ததால் அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றார். எதையோ கேட்கக் கூச்சப்படுபவரைப் போலிருந்தது.

"இன்னும் ஏதும் பாக்கணுமா தம்பி?" என்றார் அத்தை.

"இல்லம்மா. எங்க அக்கா மகள் ஒருத்தி ஊர்ல இருக்கா. நல்லாப் படிப்பா. நான் தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன், எங்கூட வச்சுக்க வழியில்ல. உங்க விடுதியில எடம் இருக்குமா?"

"இதக் காலையிலயே கேட்டிருக்கலாமே?"

"காலையில கேட்டிருந்தா, அந்த மூங்கிலுக்கு நேரா நின்னு 'தொட்டுட்டு'ன்னு என்னால சொல்ல முடிஞ்சிருக்காதும்மா."

அத்தை அவரிடமிருந்து மோர்ச் சொம்பை வாங்கிக்கொண்டார். "கீழ ஒரு அறை காத்தோட்டமா இருக்கு. அங்க போட்டுக்கிடலாம்" என்றார்.

"மாடியில குடுங்க" என்றார் அவர்.

அடுத்த வாரம் ஒரு தகரப் பெட்டியோடு அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பெயர் வடிவு. நான் பேசுவதில் பாதி அவளுக்குப் புரியவில்லை, அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்துப் போட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எங்க மாமா பாத்த வீடுல்லா, அசையாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிப் போனாள்.